கோயில் ஒலிபெருக்கிக்குக் கீழே

எங்கள் ஊர் மாதா கோயில் வாசலில் பிபிங்கா சுடுகிற பெமியா, தன் ஆயுளில் ஒரு டிசம்பர் விடியற்காலைப் பூசையைக்கூட உள்ளே உட்கார்ந்து கண்டதில்லை. காதால் கேட்டதோடு சரி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாளும் இருட்டு பிரிவதற்குள் ஊரே எழுந்து, ஏரிக்காற்றில் நடுங்கிக்கொண்டு பூசைக்கு வரும். பூசை முடிந்து வெளியே வரும்போது எல்லோருக்கும் அகோரப் பசி. அந்தப் பசிக்குச் சுடச்சுடக் கொடுக்க வேண்டுமென்றால் உள்ளே பூசை நடக்கிற நேரத்தில் வெளியே மாவு வெந்தாக வேண்டும். அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கலந்து, வாழையிலை போட்ட மண்சட்டியில் ஊற்றி, மேலே ஒரு தணல் கீழே ஒரு தணல் வைத்துச் சுடுகிற பண்டம் அது. இரண்டு நெருப்புக்கு நடுவில் இருப்பதை விட்டுவிட்டு யாரும் முழங்கால் போட முடியாது.

மணிக்கோபுரத்தில் கட்டியிருக்கும் கூம்பு ஒலிபெருக்கிதான் அவளுக்குப் பூசை. பிரசங்கம் தொடங்கியதும் முதல் சட்டி ஏறும், நற்கருணைப் பாட்டுக்கு இறங்கும். இப்படித்தான் அவளுடைய கணக்கு. பழைய பங்குசாமி வாய் ஓயாதவர். அவர் காலத்தில் பெமியாவின் பிபிங்கா பாதிக்குப் பாதி கருகும். அவர் மாற்றலாகிப் போனபோது அவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். எதற்கென்று யாரிடமும் சொல்லவில்லை.

பெமியாவின் முழுப் பெயர் யூஃபெமியா. அதைக் கடைசியாகச் சொல்லி அழைத்தது அவளுடைய கல்யாணத்தன்றுதான். கட்டிக்கொண்டவன் தென்னந்தோப்பில் கொப்பரைக்குத் தேங்காய் உரித்தான். நல்லவன், ஆனால் நெஞ்சில் சளி. அவன் போய்ச் சேர்ந்தபோது மகள் ஜோவெலினுக்கு முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்தது. அப்புறம் பெமியாவும் மகளும் நாத்தனார் சாரிங்கும்தான் அந்த வீடு. சாரிங் கல்யாணம் கட்டாதவள். வாய் மட்டும் நான்கு குடும்பத்துக்குக் காணும்.

ஜோவெலின் வளர்ந்தது அந்த அடுப்புப் பக்கத்தில்தான். பூசை முழுவதும் ஒலிபெருக்கியோடு சேர்ந்து பாடிக்கொண்டே தேங்காய் துருவுவாள். துருவுகிற தாளத்துக்குப் பாட்டு வேகமாகிவிடும். உள்ளே பாடற்குழு ஒரு வரி பின்தங்கி வரும். "மெதுவாப் பாடுடி, சாமி உன்னைத் துரத்திக்கிட்டு ஓடி வர்றாரு பாரு" என்பாள் சாரிங். புயலில் கூரைத் தகரம் பறந்த வருஷம், வீட்டுக்குக் காரைக் கூரை போட்டே தீருவதென்று சொல்லி அந்தப் பெண் அரபு நாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எங்கள் ஊரில் இது ஒரு செய்தியே இல்லை. வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருப்பார். போன டிசம்பரில் ஜோவெலின் அனுப்பிய பெட்டி வந்தபோது தெருவில் பாதிப்பேர் ஒரே சோப்பு வாசனையில் பூசைக்கு வந்தார்கள்.

இந்த வருஷம் பெட்டி வரவில்லை. அதனாலென்ன, பெண்ணே வருவதாக ஏற்பாடு. ஒப்பந்தம் முடிந்துவிட்டது, டிசம்பரில் டிக்கெட் போட்டுத் தருகிறேனென்று எஜமானியம்மா வாயால் சொல்லியிருந்தாள். எங்களுக்குத்தான் செப்டம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் வந்துவிடுமே! கடையெல்லாம் பாட்டுப் போட ஆரம்பித்ததுமே பெமியா ஜன்னலில் நட்சத்திர விளக்கைக் கட்டிவிட்டாள். நவம்பர் தொடக்கத்துக் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. போன் போட்டால் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. வேலைக்கு அனுப்பிய கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போனாள். அங்கே இருந்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்: "பண்டிகை சமயம் அத்தை, எல்லாரும் லீவுல இருக்காங்க. ஜனவரியில வாங்க, பார்க்கலாம்." மேஜைமேல் ஒரு சின்னக் குடில் வைத்திருந்தார்கள். குழந்தை இன்னும் வைக்கப்படாத தொட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுப் பெமியா திரும்பி வந்தாள். சத்தம் போட வேண்டுமென்று நினைத்துத்தான் போனாள். யாரைப் பார்த்துப் போடுவதென்று தெரியவில்லை.

அப்போதுதான் நேர்ச்சை எடுத்தாள். ஒன்பது பூசையையும் ஒன்று விடாமல் கண்டால் கேட்டது கிடைக்கும் என்பது எங்கள் ஊரில் பாலோடு ஊட்டுகிற நம்பிக்கை. வெளியே நின்று காதால் கேட்டதெல்லாம் இதில் சேராதென்று பெமியா தானாகவே முடிவு செய்துகொண்டாள். உள்ளே போக வேண்டும், பெஞ்சில் உட்கார வேண்டும், முழங்கால் போட வேண்டும்.

"அண்ணி, அப்ப அடுப்பு?" என்றாள் சாரிங்.

"நீ பாரு."

"நான் சுட்டா அதை ஏரியில மீனுக்குத்தான் போடணும்."

"மீனாவது தின்னட்டும். எனக்கு என் பொண்ணு வரணும்."

போனைச் சாரிங்கிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கும் காரணம் இருந்தது. புதுப் பங்குசாமி லியாண்ட்ரோ சிறு வயசு, கேலிக்காரர். பூசையில் யாருடைய போன் அடித்தாலும் அவர்கள் பீடத்துக்கு முன்னால் வந்து ஒரு கிறிஸ்துமஸ் பாட்டுப் பாட வேண்டுமென்று சட்டம் போட்டிருந்தார். போன வருஷம் எங்கள் ஊர்த் தலைவரே பாடினார். அதைக் கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. பெமியாவுக்குப் பாட வராது. போன், சில்லறை போடும் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

முதல் நாள் உள்ளே உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே கேட்கிற அளவுக்குக்கூட உள்ளே கேட்கவில்லை. பிரசங்கம் ஆரம்பித்ததும் கை தானாக மாவுக் கரண்டியைத் தேடியது. ஆனாலும் முடித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அதை நானும் பார்த்தேன்.

"யாரோ கூப்பிட்டாங்க அண்ணி," என்றாள் சாரிங். முகமெல்லாம் சாம்பல். "ரெண்டு தடவை அடிச்சுது. புது நம்பரு. கையெல்லாம் மாவு. கடன் வேணுமா, கார்டு வேணுமான்னு கேக்குறவங்களா இருக்கும்னு விட்டுட்டேன்."

பெமியா டப்பாவிலிருந்து போனை எடுத்தாள். நீளமான வெளிநாட்டு நம்பர். பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே அழைத்தாள், மறுமுனையில் எடுக்காமல் துண்டித்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு செய்தி வந்தது. பெமியாவிடம் கண்ணாடி இல்லாததால் சாரிங்தான் வாசித்தாள்.

"அம்மா, நான் ஜோவெலினுக்குப் பக்கத்து வீட்டுல வேலை பாக்குறவ, நம்ம நாட்டு இலோயிலோக்காரி. ஜோவெலின் போனை அவ மேடம் வாங்கி வச்சுட்டாங்க. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் குப்பை போட வரும்போது மதில் மேல என் போனைக் குடுக்கிறேன். அந்த நேரம் ஒண்ணுதான். அதுவும் தினமும் முடியாது. நீங்க தயவுசெஞ்சு கூப்பிடாதீங்க, எங்க மேடத்துக்குத் தெரிஞ்சா என் போனும் போயிடும்."

அங்கே ராத்திரி குப்பை போடுகிற நேரம் இங்கே விடியற்காலைப் பூசை நேரம். சாரிங் பிபிங்காத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "என் கையை வெட்டிப் போடணும்" என்று அழ ஆரம்பித்தாள். பெமியா அவளைத் திட்டவில்லை. திட்டத் தெம்பில்லை என்பதுதான் நிஜம். வரிசையில் நின்றவர் ஒருவர், "அக்கா, ரெண்டு பார்சல்" என்றார். இலையில் மடித்துக் கொடுத்தாள்.

அன்று பகலில் லியாண்ட்ரோ சாமியைத் தேடிப் போனாள். அவர் ஏணிமேல் ஏறி விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி, வெளியில நின்னு கேட்டா பூசை கண்டதா ஆகுமா?"

"தாராளமா ஆகும் அக்கா. இது கட்டாயம் வர வேண்டிய கடன் பூசைகூடக் கிடையாது, பக்தியில வர்றது. எங்க நின்னாலும் ஆண்டவருக்குத் தெரியும்." விஷயத்தைக் கேட்டதும் கீழே இறங்கி வந்தார். "போனைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. அடிச்சாப் பேசுங்க. அதுக்காக நேர்ச்சை முறிஞ்சிடாது."

"அப்ப இத்தனை வருஷம் அடுப்புப் பக்கத்துல இருந்து கேட்டேனே, அதெல்லாம் சேர்த்தியா?"

"சேர்த்திதான். சந்தேகமே வேண்டாம்."

"அப்புறம் ஏன் சாமி என் பொண்ணுக்கு இப்படி?"

சாமி படித்தவர்தான். இருந்தாலும் உள்ளே போய் ஒரு கோப்பை இஞ்சி டீ கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைக் குடித்துவிட்டு வந்தாள்.

சாமி சொன்னதை அவள் மனசு ஏற்கவில்லை. வெளியே நின்றால் நேர்ச்சை போய்விடும், உள்ளே இருந்தால் மகளின் குரல் போய்விடும். கடைசியில் அவள் கண்டுபிடித்த வழி, வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சின் ஓரம். உடம்பு உள்ளே, ஒரு கால் வெளியே. போனைச் சத்தமில்லாமல் அதிரும்படி வைத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் அது அதிரவே இல்லை. நெஞ்சு துடித்ததைப் போனென்று நினைத்து எத்தனையோ தடவை வெளியே ஓடி வந்தாள். எழுந்திருக்கும்போதெல்லாம் பெஞ்சு கிறீச்சிடும், முன்னால் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "பெமியாவுக்கு வயித்துக்குச் சரியில்ல போல" என்று ஒருத்தி இரக்கப்பட்டாள். "பொண்ணு எப்ப வர்றா? பெட்டியோட வர்றாளா, வெறுங்கையோடயா?" என்று இன்னொருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக டிசம்பரில் இதைத்தான் கேட்போம். "வருவா, வருவா" என்றாள் பெமியா. சாரிங்கின் பிபிங்கா ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் வேகாமல் வந்தது. ஜனங்கள் முகம் சுளிக்காமல் வாங்கிப் போய்த் தெருமுனையில் நாய்க்குப் போட்டார்கள்.

கடைசிப் பூசையன்று கோயில் கொள்ளவில்லை. அதுவரை ஒரு பூசைக்கும் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் அன்று குளித்துச் சீவி வந்துவிடுவார்கள். பெமியா சீக்கிரமே வந்து தன் ஓரத்தைப் பிடித்திருந்தாள். ஆனால் வருகிறவர்கள் நெருக்கி நெருக்கி அவளைப் பெஞ்சின் நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தப் பக்கம் ஒரு கர்ப்பிணி, அந்தப் பக்கம் தூங்குகிற பேரனை மடியில் போட்ட ஒரு கிழவர். சாமி அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற மணி அடித்து எல்லோரும் முழங்காலில் இருக்கும்போது நெஞ்சுக்குள் போன் அதிர்ந்தது. இந்தத் தடவை சந்தேகமே இல்லை.

முழங்கால்களை மிதித்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று அவள் வாசலுக்கு வருவதற்குள் அது நின்றுவிட்டது. படியில் நின்று போனையே பார்த்தாள். மறுபடி அதிர்ந்தது.

"ஜோவெலின்!"

"அம்மா..."

அவ்வளவுதான் கேட்டது. தலைக்கு மேலே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. கடைசி நாளென்று பாடற்குழுவில் இருமடங்கு ஆள், கூடவே பித்தளைக் குழல்கள். "இரும்மா, இரு, ஒண்ணும் கேக்கல!" என்று கத்திக்கொண்டே கோயிலின் பின்பக்கம் ஓடினாள். அங்கே விளக்குக்கான ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. தெருப்பக்கம் ஓடினாள். அங்கே மூன்று சக்கர வண்டிக்காரர்கள் வரிசையாக நின்று ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் பாட்டு வைத்திருந்தார்கள். "அணைங்கப்பா, கொஞ்சம் அணைங்க!" என்று அவள் கைகாட்டியதை, பண்டிகை உற்சாகம் என்று நினைத்து அவர்களும் கைகாட்டினார்கள். சின்னஞ்சிறுசுகள் மூங்கில் குழாயில் வெடி வைத்தார்கள். ஊரில் ஒரு மூலைகூட அன்றைக்குச் சும்மா இல்லை.

"எப்ப வர்ற? டிக்கெட் குடுத்தாளா? சாப்பிடுறியா நீ? அடிக்கிறாங்களா? சொல்லுடி!"

நடுவில் ஒரே ஒரு நொடி, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில், மகளின் குரல் காதுக்குள் தெளிவாக வந்தது. "அம்மா, நான் சொல்றதைக் கேளு. அவங்க என்னை..."

குழல்கள் ஊதின. பெமியா போனைக் காதில் வைத்து அழுத்தினாள், மறுகாதைப் பொத்தினாள், சுவரோடு சேர்ந்து குனிந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை. "கேக்கலடி, மறுபடி சொல்லு, மறுபடி!" என்று அலறினாள். அடுத்து எப்போது கேட்டதோ அப்போது ஜோவெலின் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது.

"அம்மா, பூசையா நடக்குது? நம்ம ஒலிபெருக்கியா அது?"

"ஆமாடி, கடைசிப் பூசை. நீ முதல்ல சொன்னதைச் சொல்லு!"

"பேசாதம்மா. போனைத் தூக்கிப் பிடி. நான் கொஞ்சம் கேட்டுக்கிறேன்."

பெமியா என்ன செய்வாள்? பெண் கேட்டதைக் கொடுக்க அவள் கையில் அது ஒன்றுதான் இருந்தது. மணிக்கோபுரத்தடிக்கு வந்து, தன் அடுப்புக்குப் பக்கத்தில், இரண்டு கையாலும் போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். சாரிங் மாவுக் கையோடு எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள். நற்கருணைப் பாட்டு முழுசாகப் போயிற்று. கை வலித்தபோது சாரிங் அவளுடைய முழங்கையைக் கீழிருந்து தாங்கிக்கொண்டாள். சட்டிகள் கருகின, இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இறுதி ஆசீர் முடிந்து கைதட்டல் கேட்டபின்தான் பெமியா போனை இறக்கினாள். திரை இருண்டிருந்தது. அழைப்பு எப்போது அறுந்தது, மகள் பாட்டைக் கேட்டாளா, ஒரு வரி கேட்டாளா, தூக்கிப் பிடித்ததும் போய்விட்டாளா, ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் வெளியே வந்தது. "கிறிஸ்துமஸ் வாழ்த்து பெமியா!" என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். ஒன்பதும் முடித்தவளாயிற்றே, இனி கேட்டது கிடைக்கும் என்றார்கள்.

அன்று பகலெல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வி.

"அவங்க என்னைன்னா சொன்னா, சாரிங். அவங்க என்னை, அப்புறம் என்னவா இருக்கும்?"

"அவங்க என்னை அனுப்பி வைக்கப்போறாங்கன்னு சொல்லியிருப்பா அண்ணி."

"அனுப்ப மாட்டேங்கிறாங்கன்னா?"

"அப்படி எதுக்கு நினைக்கிறீங்க?"

"வேற வீட்டுக்குக் குடுத்துடறாங்கன்னா?"

சாரிங் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றுதான். இலோயிலோக்காரியின் நம்பருக்குச் செய்தி அனுப்பினார்கள். அதன் பக்கத்தில், இன்னும் போய்ச் சேரவில்லை என்கிற ஒற்றைக் குறி மட்டும் விழுந்து அப்படியே நின்றது. கெஞ்சிப் பார்க்காமல் இருப்பாளா? சொன்ன சொல்லை மீறிப் பெமியா அழைத்தும் பார்த்தாள். அந்த நம்பரும் அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது.

இரவு வீட்டில் விருந்துக்கு மேஜை போட்டார்கள். போடாமல் இருக்க முடியாது, ஊர் பார்க்கும். நூடுல்ஸ், ஒரு சின்னப் பன்றித் தொடை, ஜோவெலினுக்குப் பிடித்த பழக்கலவை. மூன்று தட்டு. நள்ளிரவு மணி அடித்ததும் இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி முத்தம் கொடுத்துவிட்டு எதையும் தொடாமல் ஈக்குப் பயந்து மூடி வைத்தார்கள். ஜன்னலில் நட்சத்திரம் விட்டு விட்டு எரிந்தது. "அதை அணைக்கட்டுமா அண்ணி?" என்று சாரிங் கேட்டதற்கு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் பெமியா.

கிறிஸ்துமஸன்று விடியற்காலை எங்கள் ஊரைப் போல் அசந்து தூங்குகிற ஊரை எங்கும் பார்க்க முடியாது. ஒன்பது நாள் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்குவோம். கோயில் பெருக்குகிற தூரோ மட்டும் காகிதக் குப்பையைக் கூட்டிக்கொண்டிருந்தான். அவன்தான் பிறகு எங்களுக்குச் சொன்னான். அணைந்த அடுப்புக்குப் பக்கத்தில், மணிக்கோபுரத்தடியில், முக்காலி போட்டு பெமியா உட்கார்ந்திருந்தாளாம். போன் இரண்டு உள்ளங்கைக்கு நடுவில். மேலே ஒலிபெருக்கி ஊமையாகத் தொங்கியது. ஏரியில் தவளை கத்துவதுகூடக் கேட்டதாம்.

"பெமியாக்கா, பூசையெல்லாம் நேத்தோட முடிஞ்சுதே?"

"தெரியும்பா."

"அப்புறம் இந்தக் குளிர்ல இங்க எதுக்கு?"

பெமியா போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "துடைப்பத்தைக் கொஞ்சம் நிறுத்து தூரோ" என்றாளாம். "இப்பத்தான் இங்க சத்தமில்ல. இப்ப அவ கூப்பிட்டா எனக்கு எல்லாம் கேக்கும்."

அவன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, வெயில் வரும்வரை படிக்கட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.